தையல் பயிற்சிக்கு உதவி வேண்டும்

சீனியர்களுக்கு வணக்கம். எம்.எஸ். முடித்து, இதய, மார்பு அறுவை மருத்துவத்தில் எம்.சிஎச். முதலாம் ஆண்டு படிக்கிறேன். பைபாஸுக்குக் காலிலிருந்து சஃபீனஸ் சிரையை எடுப்பது இப்போது என் பொறுப்பு. அதில் கை ஓரளவு படிந்துவிட்டது. கவலையெல்லாம் அந்தச் சிரையை இதயத் தமனியோடு இணைத்துத் தைப்பதில்தான்.

போன வாரம் பேராசிரியர் முதல்முறையாக 7-0 புரோலீனை என் கையில் கொடுத்தார். தலைமுடி போன்ற நூல். தமனியின் உள்வாய் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வழியே பார்த்தபோது ஊசிமுனை நடுங்குவது அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டாவது தையலிலேயே ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் செய்தது சரிதான். பெருந்தமனியில் கிளாம்ப் போட்டு இதயத்துக்கு ரத்தம் போகாமல் நிறுத்தியிருக்கும்போது நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நான் பழக வேண்டிய இடம் அதுவல்ல.

அதனால் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து இரவில் தைத்துப் பார்க்கிறேன். கொழுப்பை விலக்கித் தமனியைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. தைத்து முடித்துச் சிரிஞ்சால் தண்ணீர் செலுத்தினால், எப்போதும் இணைப்பின் ‘குதிகால்’ எனப்படும் பின்முனையில்தான் கசிகிறது. அங்கே ஊசியை எந்தக் கோணத்தில் நுழைக்கிறீர்கள்? கையைத் திருப்பி எதிர்த்திசையில் ஊசியைச் செலுத்தி, பேக்ஹேண்டாகப் போடுவதை எப்படிப் பழகினீர்கள்?

காலாவதியான 6-0, 7-0 நூல் பாக்கெட்டுகள் யாரிடமாவது இருந்தால் தந்து உதவுங்கள்; கூரியர் செலவு என்னுடையது. நுண்தையலுக்கு ஊசியைப் பிடிக்கும் காஸ்ட்ரோவியேஹோ நீடில் ஹோல்டர் பழையது இருந்தால் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். சொந்தமாக லூப் வாங்குவதென்றால் முதலில் 2.5 மடங்கா, 3.5 மடங்கா?