ஏரியா பார்டர் சண்டை: உங்களுக்கு நடந்தது என்ன?

மாம்பலம் வாடகைக்காரன்

வீடு தேடின கதை. புரோக்கர் "டி.நகர் சார், பனகல் பார்க் நடந்தே போய்டலாம்"னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாரு. வண்டி ரயில் லைனுக்கு அடியில துரைசாமி சப்வேல இறங்கி அந்தப் பக்கம் ஏறினப்பவே இது டி.நகர் இல்லன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு, சரி வந்தது வந்துட்டோம் பார்த்துடுவோம்னு போனேன். வீடு நல்லாத்தான் இருந்துச்சு. ஓனர் மாமிக்கு எழுபது தாண்டியிருக்கும், ஊஞ்சல்ல உக்காந்துட்டு இருந்தாங்க. வாடகை எவ்வளவுன்னு நான் கேட்டதும் புரோக்கர் முந்திக்கிட்டு "டி.நகர் ரேட் என்னவோ அதான் சார்"னாரு.

மாமி காலை ஊன்றி ஊஞ்சல நிறுத்திட்டாங்க. "யாருப்பா சொன்னா டி.நகர்னு? இது மாம்பலம்."

புரோக்கர் மாமிக்கு எதிர்ல நின்னு கண்ணக் காட்டுறாரு, கைய ஆட்டுறாரு, மாமி கண்டுக்கவே இல்ல. "டி.நகர் எங்கேர்ந்து வந்துது தெரியுமோ? அங்க ஏரி இருந்துது. அத வடிச்சு மனை போட்டு தியாகராயச் செட்டியார் பேர வெச்சா. அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் மாம்பலம்தான். ரங்கநாதன் தெரு எந்த ஸ்டேஷன் வாசல்ல இருக்கு? மாம்பலம் ஸ்டேஷன்!" புரோக்கர் தாங்க முடியாம "மாமி, மாம்பலம்னா வாடகை கொறையும்"னு வாய விட்டே கேட்டுட்டாரு. "கொறையட்டும்"னாங்க. நெஜமாவே கொறைச்சாங்க. ஊர் பேருக்காக மாசாமாசம் வர்ற காச ஒரு மனுஷி அப்படியே விட்டுக் குடுத்தத நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. (எங்க பக்கம் லேக் வியூ ரோடுன்னு ஒன்னு இருக்கு, ஏரியத் தேடிட்டு வராதீங்க.)

கோடம்பாக்கம் 24

மாமி ஏரி கதை சரி, 1920கள்ல வடிச்சதுதான். ஆனா எல்லாரும் ரயில் லைன் தாண்டினா மேற்கு மாம்பலம்னு அடிச்சு விடுறீங்க பாருங்க, அதுதான் எரிச்சல். லைனுக்கு மேக்கால கோடம்பாக்கமும்தான் இருக்கு. நாங்க எங்க போறது? எங்க தெருல எதிர் வரிசைக்குப் பின்கோடு கடைசில 33 (மேற்கு மாம்பலம்), எங்க வரிசைக்கு 24 (கோடம்பாக்கம்). உடனே ஒருத்தர் வந்து பின்கோடுதான் பார்டர்னு சொல்வீங்க. அதுவும் கிடையாது. பின்கோடு 1972-ல வந்துச்சு, தபால் எந்த ஆபீஸ்லேர்ந்து பட்டுவாடா ஆகணுங்கறதுக்காக. அதுக்கு முன்னாடி மெட்ராஸ்-17, மெட்ராஸ்-24, மெட்ராஸ்-33னு போட்டுட்டு இருந்தாங்க, அதே நம்பர்தான் கடைசில ஒட்டிக்கிச்சு. தபால்காரர் எங்க சைக்கிள நிறுத்துறாரோ அது ஊர் எல்லைன்னா எப்படி?

எங்க அக்கா கல்யாணப் பத்திரிகைல கோடம்பாக்கம்னு அச்சாகி வந்துச்சு, அப்பா மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிட்டாரு. மாப்பிள்ளை வீட்ல "சினிமாக்காரங்களா"ன்னு கேட்பாங்களாம். மேற்கு மாம்பலம்னு மாத்தி அடிச்சோம். எதிர் வீட்டுக்காரர் பத்திரிகைய வாங்கிப் படிச்சுட்டு, "எப்ப சார் இந்தப் பக்கம் குடி வந்தீங்க?"ன்னாரு. கல்யாணத்துக்கும் வரல.

பாதித்தெரு

எங்க ஏரியா பேர் சொல்ல மாட்டேன், சொன்னா எங்க அசோசியேஷன் வாட்ஸப்ல ஸ்க்ரீன்ஷாட் போய்டும். தெற்குப் புறநகர்னு வெச்சுக்கோங்க. 2011-ல சென்னை மாநகராட்சிய 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426-ஆ பெருசாக்கி, சுத்தி இருந்த 42 உள்ளாட்சிகள உள்ள இழுத்து 200 வார்டு ஆக்கினாங்கல்ல, அப்ப அந்தக் கோடு எங்க தெரு நடுவுல விழுந்துச்சு. ஆரம்பத்துல இருக்கிற வீடுங்க மாநகராட்சி, மிச்சம் ஊராட்சி. ரோடு ஒன்னு, சாக்கடை ஒன்னு, பிள்ளையார் கோயில் ஒன்னு.

வர்தா புயல்ல (2016 டிசம்பர்) ஒரு தூங்குமூஞ்சி மரம் சரியா அந்த இடத்துல குறுக்கால விழுந்துச்சு. ரம்பம் வந்தவுடனே தெருவே கூடிருச்சு. மாநகராட்சி ஆளுங்க அறுத்துட்டே போயி, ஒரு எடத்துல நின்னு, "அதுக்கு மேல உங்க பஞ்சாயத்துதான் பார்க்கணும்"னாங்க. அத விடுங்க, அவங்களுக்கு மேலிடத்துல சொன்னது அவ்வளவுதான். எனக்கு மறக்காதது எங்க தெரு ஆளுங்கதான். ஊராட்சிப் பக்கம் இருக்கிற ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர், "ரெண்டு அடி கூட வெட்டுங்கப்பா, என் பேத்திக்கு ஜுரம், ஆட்டோ வரணும்"னு கெஞ்சுறாரு. இந்தப் பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தர், தினம் அவர் கூட சேர்ந்து வாக்கிங் போறவரு, "சார், நாங்க மாநகராட்சிக்கு வரி கட்டுறோம், உங்களுக்கு வரி கம்மிதானே, அப்ப இதெல்லாம் இருக்கும்தான்"னாரு. அவ்வளவு பேர் முன்னாடி.

வாத்தியார் ஒன்னும் பேசல. உள்ள போயி அருவா எடுத்துட்டு வந்து அவரே கெளைய வெட்ட ஆரம்பிச்சாரு. அப்புறம் பசங்க நாங்க போய்ச் சேர்ந்துக்கிட்டோம். அவங்க ரெண்டு பேரும் இப்ப வாக்கிங் போறதில்ல.

இதுல காமெடி என்னன்னா, புயலுக்கு முன்னாடி வீட்டு விலைன்னு வந்தா மொத்தத் தெருவும் "நாங்க எல்லாம் கார்ப்பரேஷன் லிமிட்"னுதான் சொல்லும், அந்தக் கடைசி வீடு வரைக்கும்.

சிக்னல் சரளா

நான் ஒரு மேம்பாலத்துக்குக் கீழ ஸ்கூட்டியோட விழுந்தேன், பைக்ல வந்தவன் போன புடுங்கினான். எந்த ஊர் எந்த ஸ்டேஷன்னு வேணாம். ரெண்டு ஸ்டேஷன் லிமிட் சேர்ற எடம். வந்த போலீஸ்காரர் முதல்ல கேட்டது அடிபட்டுச்சான்னு இல்ல, "எந்தப் பக்கம்மா விழுந்தீங்க?" மீடியனுக்கு இந்தப் பக்கம்தான் ஆரம்பிச்சுது, சறுக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் கெடந்தேன் சார்னேன். அவர் யோசிக்கிறாரு. முட்டில ரத்தம் ஒழுகுது. அதுக்குள்ள பக்கத்துல இளநீ விக்கிற அக்கா வந்து, "போன புடுங்கினது இங்க, பொண்ணு விழுந்தது அங்க, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கேஸ் எழுதிக்கோங்க"ன்னாங்க. வலிலயும் சிரிச்சுட்டேன். அந்தக் கேள்வி மட்டும் இன்னிக்கும் காதுல இருக்கு, எந்தப் பக்கம் விழுந்தீங்க.

பத்திரம் பாஸ்கரன்

மேடம், அந்த மாதிரி நேரத்துல "ஜீரோ எஃப்ஐஆர் போடுங்க"ன்னு சொல்லணும். லிமிட் எதுவா இருந்தாலும் முதல்ல பதிவு பண்ணணும், அப்புறம் சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு மாத்திக்கணும். 2024 ஜூலை 1-லேர்ந்து நடைமுறைல இருக்கிற புதுச் சட்டத்துலயே இது தெளிவா இருக்கு.

அது போக எல்லாருக்கும் சேர்த்து ஒன்னு சொல்றேன், ஏன்னா இங்க எல்லாரும் ஏரியா பேர வெச்சுக் கொழப்பிக்கிறீங்க. ஏரியா பேருங்கறது வாய்ப் பேச்சு. வீடு வாங்கும்போது பார்க்க வேண்டியது கிராமம் பேரு, சர்வே நம்பர். பெசன்ட் நகர்ல வீடு வாங்கினா பத்திரத்துல ஊரூர் கிராமம்னு இருக்கும், பயந்துடாதீங்க. அண்ணா நகர் ஹவுசிங் போர்டு போட்டு உருவாக்கினது, அதுக்கு முன்னாடி அங்க நடுவக்கரை, முள்ளம்னு கிராமங்க, பழைய பத்திரத்துல அந்தப் பேருங்க வரும். வில்லங்கம் போடுறப்போ ஏரியா பேர வெச்சுத் தேடாதீங்க, கிராமத்தையும் சர்வே நம்பரையும் குடுங்க, இடத்தப் பிரிச்சு சப்டிவிஷன் ஆகியிருந்தா பழைய நம்பர் புது நம்பர் ரெண்டுக்கும் போடுங்க. எந்த சார்பதிவாளர் ஆபீஸ்ங்கறது நடுவுல மாறியிருந்தா பழைய ஆபீஸ்லயும் சேர்த்துத் தேடணும். அடுத்து மாவட்டம். 2018-ல சென்னை மாவட்டத்தையே மாநகராட்சி அளவுக்கு விரிச்சுட்டாங்க. சோழிங்கநல்லூர், ஆலந்தூர் பக்கம் பழைய பத்திரத்துல காஞ்சிபுரம் மாவட்டம்னும், அம்பத்தூர் பக்கம் திருவள்ளூர் மாவட்டம்னும் இருக்கும், அது தப்புப் பத்திரம் இல்ல. 2019-ல செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனதுல தாம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு இன்னொரு கொழப்பம். 2021-ல தாம்பரமே மாநகராட்சி ஆய்டுச்சு, அதனால "கார்ப்பரேஷன் லிமிட்"னு புரோக்கர் சொன்னா எந்தக் கார்ப்பரேஷன்னு கேளுங்க. சொத்து வரி ரசீது, தண்ணி வரி ரசீது, பட்டா மூணுலயும் இருக்கிற அட்ரஸ ஒத்துப் பாருங்க. அண்ணா நகர் அனெக்ஸ், வேளச்சேரி எக்ஸ்டென்ஷன்னு விளம்பரம் வந்தா நேர்ல போயி டீக்கடைல கேளுங்க, டீக்கடைக்காரர் பொய் சொல்ல மாட்டாரு.

என் அனுபவம்: ஆதார்ல ஒரு ஏரியா பேரு, பத்திரத்துல வேற, லோன் பேப்பர் திரும்பி வந்துச்சு. அவ்வளவுதான்.

சிக்னல் சரளா

அண்ணா, நான் வீடு வாங்கலண்ணா. போன் போச்சுன்னு சொன்னேன்.

வெள்ளவத்தைப் பெடியன்

கொழும்பிலயும் இதே கதைதான். இங்க நம்பர்தான் எல்லாம், வெள்ளவத்தை எண்டா கொழும்பு 6, பம்பலப்பிட்டி எண்டா 4. தெற்கால போனா தெஹிவளை, அது வேற மாநகர சபை, சோலைவரியும் (வீட்டு வரி) வேற இடத்திலதான் கட்டோணும். எங்கட மாமா தெஹிவளைக்குள்ள ஃபிளாட் வாங்கினவர். வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு போன்ல "வெள்ளவத்தைதான், கொஞ்சம் உள்ளுக்கு" எண்டு சொல்லிக்கொண்டிருக்கேக்க, பக்கத்தில இருந்த மாமி சத்தமா, "தெஹிவளை எண்டு சொல்லுங்கோவன், வந்திறங்கி ஆட்டோக்காரனிட்ட ஏச்சு வாங்கப் போகினம்" எண்டா. மாமா போனைக் கட் பண்ணிப்போட்டார்.

ஆடி மாசம்

எங்களுக்கு மேப்பும் கிடையாது பின்கோடும் கிடையாது, அம்மன்தான் பார்டர். வடசென்னை. ஆடில காப்பு கட்டி கூழ் ஊத்தினா வீட்டுக்கு வீடு கோயில் வரி வசூல் பண்ணுவாங்க, வரி குடுத்த வீடு வரைக்கும்தான் ஊர். காப்பு கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் எல்லைய தாண்டி ராத்தங்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க, அதனால எல்லை எதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும்.

அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் மூணாவது வீட்ல ஒரு ஆயா. அது முன்னாடி எங்க தெருலதான் இருந்துச்சு, வீட்ட இடிச்சு கட்டப் போறாங்கன்னு காலி பண்ணிட்டு அங்க வாடகைக்குப் போச்சு. அந்த வருஷம் அது வீட்டு வாசல்ல கோலம் போட்டு, தேங்காய் கற்பூரம் எல்லாம் தட்டுல வெச்சு, நடுராத்திரி வரைக்கும் நிக்குது. சாமி மேளத்தோட வந்துச்சு, டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட வந்து திரும்பிடுச்சு. நான் தூக்குற பசங்கள்ல ஒருத்தன். ஆயா தட்ட தூக்கிக் காட்டுது, எனக்கு நல்லாத் தெரியுது. "இன்னும் மூணு வீடுண்ணே"னு சொன்னேன். "அது அவங்க ஊர்டா, நாம போனா நாளைக்கு அவங்க சாமி நம்ம தெருக்குள்ள வரும், சண்டையாய்டும்"னாரு தர்மகர்த்தா அண்ணன். அவர் சொன்னதும் தப்பில்ல, பத்து வருஷம் முன்னாடி அதுக்காகவே மண்டை ஒடஞ்சிருக்கு. அடுத்த வருஷம் பசங்க சேர்ந்து ஆயா பேர்ல இங்க எங்க வீட்டு அட்ரஸ்ல வரி எழுதி, அத முன்னாடி நாளே கூட்டிட்டு வந்து எங்க வாசல்ல நிக்க வெச்சோம். ஆனா மொத வருஷம் அது தட்ட தூக்கிக் காட்டினது...

கண்ணகி நகர் பையன்

இங்க எல்லாரும் பேர ஏத்திச் சொல்றத காமெடியா சொல்றீங்க. நாங்க மாத்திச் சொல்றது வேற காரணம். 2000-லேர்ந்து சிட்டில கூவம் ஓரம், அங்க இங்க இருந்த குடிசைங்கள எடுத்து எங்கள இங்க கொண்டாந்து போட்டாங்க. 15 ஆயிரத்துக்கு மேல வீடு. பின்கோடு துரைப்பாக்கம் பின்கோடுதான், 97. அதனால அப்ளிகேஷன்ல நான் துரைப்பாக்கம்னுதான் எழுதுவேன், பொய் ஒன்னும் இல்ல. ஒரு கம்பெனில இன்டர்வியூ நல்லா போச்சு, ஏசி மெக்கானிக் வேலை. கடைசில அவர் ஃபைல மூடிட்டு, சிரிச்சுட்டே, "துரைப்பாக்கத்துல எங்க?"ன்னாரு. துரைப்பாக்கத்துலயே இருக்கிற செகரட்டேரியட் காலனின்னு சொல்லலாமான்னு ஒரு செகண்ட் வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. கண்ணகி நகர்னேன். மூடின ஃபைல அவர் திரும்பத் தொறக்கல.

ஓஎம்ஆர் அப்பார்ட்மென்ட்

தம்பி வருத்தமா இருக்கு, ஆனா எங்க பக்கத்தையும் பாருங்க. எங்க அசோசியேஷன்ல கண்ணகி நகர் தனி ஏரியான்னு தெளிவா போடணும்னு கேட்கிறது யாரையும் கேவலப்படுத்த இல்ல. பேங்க்காரன் வீட்டு மதிப்பு போடுறப்போ கொழம்புறான், பேப்பர்ல ஏதாவது நியூஸ் வந்தா துரைப்பாக்கம்னு போட்டுடுறான். இடத்துக்கு ஒரு பேர் இருந்தா அந்தப் பேர்லயே சொல்றதுதானே முறை? உங்களுக்கும் அது நல்லதுதானே, ஃபண்டு வர்றப்போ தனி ஏரியான்னு கேட்டு வாங்கலாம். நீங்க எல்லாம் சேர்ந்து கவுன்சிலர்கிட்ட ஒரு மனு குடுங்க, கையெழுத்து வாங்கி...

கண்ணகி நகர் பையன்

அண்ணே, பேர் போடுங்க, வேணாம்னு சொல்லல. 2025-ல எங்க ஏரியாப் பொண்ணு பஹ்ரைன் போயி கபடில தங்கம் வாங்கிட்டு வந்துச்சு, எல்லா சேனல்லயும் கண்ணகி நகர் கண்ணகி நகர்னுதான் ஓடுச்சு. அன்னிக்கு உங்க கேட்லயே ஒரு ஃப்ளெக்ஸ் இருந்துச்சு, "நம்ம துரைப்பாக்கத்தின் பெருமை"ன்னு. நான்தான் அந்த வழியா வேலைக்குப் போறவன், பார்த்தேன். அத யாரு வெச்சாங்கன்னு உங்க அசோசியேஷன்ல கேட்டுச் சொல்லுங்க.

வேலை கெடச்சுதான்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: கெடச்சுது, வேற எடம். இப்ப டூட்டி டைம் ஆச்சு, வரேன்.