அம்மாவின் மாத்திரையும் ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடையும்

ஊரிலிருந்து அம்மா அப்பாவை ஐரோப்பாவுக்குக் கூட்டி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் கீழே சொல்லுங்கள்.

போன வருடம் அம்மா திருச்சியிலிருந்து ஷ்டுட்கார்ட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று மாதத்துக்கான சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் அத்தனையையும் பெரிய பெட்டியில் வைத்திருந்தார். விமானத்தில் அம்மா வந்தார், பெட்டி வரவில்லை. சனிக்கிழமை இரவு. கைப்பையில் ஒரு மாத்திரைகூட இல்லை.

ஜெர்மனியில் ஞாயிறன்று மருந்துக் கடைகள் மூடியிருக்கும். ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் முறை வைத்து ஒரு கடை திறந்திருக்கும். அன்றைக்கு எந்தக் கடை என்று மற்ற கடைகளின் வாசலில் எழுதி வைத்திருப்பார்கள். அப்படிக் கண்டுபிடித்துப் போனோம். கதவைத் திறக்க மாட்டார்கள், மணி அடித்தால் கதவில் இருக்கும் சின்ன ஜன்னலைத் திறந்து பேசுவார்கள். தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய டாக்டர் சீட்டைக் காட்டினேன். அந்தப் பெண் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இதை வைத்துத் தர முடியாது என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அறுபத்தெட்டு வயது அம்மா பக்கத்தில் நிற்கிறார், பதினைந்து வருடமாகச் சாப்பிடுகிற மாத்திரை, கொடுத்தால் என்ன?

விதி அப்படி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு டாக்டர் எழுதிய சீட்டு இன்னொரு நாட்டிலும் செல்லும், 2011இல் கொண்டுவந்த சட்டம் அது. இந்தியச் சீட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் அவர் எங்களை வெறுமனே திருப்பி அனுப்பவில்லை. 116117க்கு போன் செய்யுங்கள், விடுமுறை நாளில் பார்க்கிற டாக்டர் எங்கே இருக்கிறார் என்று சொல்வார்கள் என்றார். "அம்மா இன்றைக்குச் சாப்பிட்டாரா? தலைச்சுற்றல் இருக்கிறதா?" என்றும் கேட்டார்.

அப்படிக் கேட்டுப் போய்ப் பார்த்த டாக்டருக்கு கிளைகோமெட் ஜிபி, டெல்மா என்ற பெயர்கள் எதுவும் புரியவில்லை. அவை நம் ஊர் கம்பெனிப் பெயர்கள். நல்லவேளை, வீட்டில் மிச்சமிருந்த பழைய அட்டையின் பின்பக்கத்தையும் தம்பி படம் எடுத்து அனுப்பியிருந்தான். மெட்ஃபார்மின் 500, கிளிமெபிரைட் 1, டெல்மிசார்ட்டன் 40. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அம்மா கிளைகோமெட் ஜிபி என்று ஒரே மாத்திரையாக விழுங்குவதை இரண்டாகப் பிரித்து, நீல நிறச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நீலச் சீட்டு என்றால் முழுக் காசும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

மறுபடி அதே ஜன்னல். ஞாயிறு என்பதால் தனியாக 2.50 யூரோ. நம் ஊர் மெடிக்கல் ஷாப் மாதிரி கத்தரிக்கோலால் பத்து மாத்திரை வெட்டித் தருவதெல்லாம் இல்லை, முழுப் பெட்டிதான் வாங்க வேண்டும். அந்தப் பெண் பேனாவை எடுத்து ஒவ்வொரு பெட்டியின் மேலும் பெரிதாக எழுதினார்: 1-0-1. 1-0-0. காலை, மதியம், இரவு கணக்கு. அம்மாவுக்கு ஜெர்மன் ஒரு எழுத்துத் தெரியாது. பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம டாக்டர் எழுதுற மாதிரியேதான்டி எழுதியிருக்கா" என்றார். காலையிலிருந்து அவர் முகத்தில் இருந்த பயம் அப்போதுதான் போனது.

பெட்டி புதன்கிழமை வந்து சேர்ந்தது. தயவுசெய்து மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் – பரிஸ்

அக்கா, மருந்தின்ரை பெயர் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. என்ரை அப்பா பல வருசமாப் பிரசருக்கு அம்லோர் குடிச்சவர். ஒரு முறை பார்மசியிலை அதுக்குப் பதிலா அம்லோடிப்பின் எண்டு பெயர் போட்ட பெட்டி குடுத்தவை. ரெண்டும் ஒண்டுதான். அப்பாவுக்கு அது விளங்கேல்லை, புதுக் குளிசை எண்டு நினைச்சு, வீட்டிலை இருந்த பழையதையும் சேர்த்துக் குடிச்சிட்டார். ரெண்டு நாளா எழும்பினால் தலை சுத்து. பார்மசிக்காரி வீட்டிலை இருக்கிற எல்லாப் பெட்டியையும் ஒரு பையிலை போட்டுக் கொண்டுவரச் சொன்னா. மேசையிலை பரப்பி, ஒண்டொண்டாப் பார்த்து, பழையதை எடுத்து வைச்சிட்டா. அதுக்குப் பிறகு மாதா மாதம் ஓர்டொனான்ஸிலை (டொக்டர் எழுதின துண்டிலை) முத்திரை குத்தேக்கை பெட்டி மாறினதா எண்டு நான் கேட்காமல் வாறதில்லை.

நாங்கள் முன்னம் இருந்த சின்ன ஊரிலை இரவு பார்மசி தேவையெண்டால் முதல்லை பொலிசுக்குப் போகோணும். ஓர்டொனான்ஸைக் காட்டினால் அவையள் பார்மசிக்குப் போன் அடிச்சுச் சொல்லுவினம், பிறகுதான் கதவு திறக்கும். தெரியாதாக்கள் பயப்பிட வேண்டாம், அதுதான் நடைமுறை.

பதில் – ரெடிங், இங்கிலாந்து

நான் கோயம்புத்தூர். எனக்குத் தைராய்டு. இங்கே டாக்டர் கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுவார், நாம் சொல்லி வைத்த கடையில் காகிதப் பையில் தயாராக இருக்கும். முதல் தடவை போனபோது "உங்கள் பெயரில் எதுவும் வரவில்லை" என்றார்கள். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் இன்னொருவர் பிறந்த தேதியும் போஸ்ட் கோடும் கேட்டுத் தேடினார். பை அங்கேயேதான் இருந்தது, அப்பா பெயரில்! பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பதால், அந்த எழுத்துக்குரிய தட்டில் வைத்துவிட்டார்கள். இனிஷியல் போட்டு வளர்ந்த நம் எல்லோருக்கும் இது நடக்கும். அப்பா பெயரை முதலில் சொல்லுங்கள்.

பையைக் கண்டுபிடித்தவரேதான் இன்னொன்றும் கேட்டார்: "தைராக்ஸினுக்கு ஏன் காசு கொடுக்கிறீர்கள்?" இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் யாருக்குமே கட்டணம் இல்லை. ஆனால் தைராய்டு குறைவுக்காகத் தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் விலக்கு உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் எஃப்பி92ஏ என்ற படிவம் கேட்டு வாங்கி, அவர்கள் கையெழுத்தோடு அனுப்பினால் ஐந்து வருடத்துக்குச் சான்றிதழ் வரும். தைராய்டு மாத்திரைக்கு மட்டுமில்லை, டாக்டர் எழுதும் எந்த மருந்துக்கும் அது செல்லும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் உண்டு. இன்னும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.