சியாங் மாய் மலைப்பாதைகள்: சைக்கிளில் சென்றவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில், 15 வயதான அக்கா மகனுடன் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குச் சென்று மலைச் சைக்கிள் ஓட்டத் திட்டமிட்டிருக்கிறேன். நாங்கள் இருவரும் சிங்கப்பூரின் செஸ்நட் பூங்காவிலும் புலாவ் உபினின் கெத்தாம் தடத்திலும் ஓட்டிப் பழகியவர்கள். ஆனால் நம் புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான் என்னும்போது, 1,676 மீட்டர் உயரமுள்ள தோய் சுத்தேப் மலையிலிருந்து இறங்குவது வேறு கணக்கு. இங்கே இறக்கம் தொடங்கிய வேகத்திலேயே முடிந்துவிடுவதால், நெடுநேரம் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும்போது டிஸ்க் சூடேறிப் பிடிமானம் தளர்வதை நாங்கள் அனுபவித்ததே இல்லை.

தோய் சுத்தேப்பை அடுத்துள்ள தோய் புய் சிகரத்தின் பக்கத்திலிருந்து ஹுவே துங் தாவ் ஏரியை நோக்கி இறங்கும் தடங்களில், வேரும் பாறையும் குறைந்த, ஓரளவு பழகியவர் ஓட்டக்கூடிய பாதை எது? வழிகாட்டியுடன் வாகனத்தில் மேலே போய் இறங்குவதே பையனுக்கு நல்லது என்று கருதுகிறேன் (மிதித்தே ஏறுவேன் என்று அவன் அடம்பிடிக்கிறான்). சைக்கிளை இங்கிருந்தே பெட்டியில் கட்டிக் கொண்டுபோகலாமா, அல்லது அங்கு வாடகைக்குக் கிடைப்பவை நம்பத்தகுந்தவையா?

ஓய்வு நாளில், வானளாவிய யாங் மரங்கள் வரிசையாக நிற்கும் பழைய லம்பூன் சாலையில் தெற்கே போக எண்ணம். அங்கே வாகன நெரிசல் எப்படி, பிங் ஆற்றோரமாக அமைதியான மாற்றுவழி உண்டா என்பதையும் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.