ரிக் கம்ப்ரசர் ஓடாத நேரத்திலும் ஜிபிஎஸ்ஸில் ஆன் என்று காட்டுகிறது

செங்கோட்டுக்காரன்:
வணக்கம். திருச்செங்கோட்டில் எங்களுக்கு ஒரு போர்வெல் ரிக் இருக்கிறது, வண்டி இப்போது தெலங்கானா பக்கம் ஓடுகிறது. கம்ப்ரசருக்குத் தனி எஞ்சின், தனி பேட்டரி. லாரியில் இருக்கும் ஜிபிஎஸ் யூனிட்டில் ஒரு டிஜிட்டல் இன்புட் (வோல்ட் வந்தால் ஆன், இல்லையென்றால் ஆஃப் என்று எடுத்துக்கொள்ளும் பின்) சும்மா கிடந்ததால், போன மாசம் வண்டி ஊருக்கு வந்தபோது கம்ப்ரசர் பேனலில் ஆயில் பிரஷர் லைட்டுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு லைன் இழுத்து அந்த இன்புட்டில் கொடுத்தோம், எத்தனை மணி நேரம் ஓடியது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்றுதான். மேனேஜர் நோட்டில் 8 மணி நேரம் எழுதிய நாளில் இதில் 14 காட்டுகிறது. வண்டி ரோட்டில் போகும்போதுகூட கம்ப்ரசர் ஆன் என்று வருகிறது, அதுவும் விட்டு விட்டு. அப்பா டீசல் கணக்கைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் கேட்கப் போகிறேன் என்கிறார். எனக்கு ஒயரிங் மேல்தான் சந்தேகம். யாராவது சொல்லுங்கள்.

இருபத்துநாலு வோல்ட்:
முதலில் அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ரோட்டில் போகும்போது கம்ப்ரசர் ஓடாது, அங்கேயே தெரிகிறது பொய் சொல்வது மேனேஜர் இல்லை என்று.

நீங்கள் எடுத்த ஒயர் தப்பில்லை. சாவி போட்டு எஞ்சின் நிற்கும்போது பிரஷர் சுவிட்ச் அந்த ஒயரை பாடியோடு, அதாவது எஞ்சின் இரும்போடு, சேர்த்துவிடும், அதனால் லைட் எரியும், ஒயரில் 0 வோல்ட். எஞ்சின் ஓடி ஆயில் பிரஷர் ஏறினால் சுவிட்ச் விட்டுவிடும், லைட் வழியாக 24 வந்து நிற்கும். சாவி எடுத்தால் மறுபடி 0. ஆனால் இதெல்லாம் எந்த பாடியை வைத்து 0 என்பதுதான் கேள்வி. யூனிட் லாரி நெகட்டிவை வைத்து அளக்கிறது, உங்கள் ஒயர் கம்ப்ரசர் எஞ்சின் பிளாக்கை வைத்துப் பேசுகிறது. பிளாக் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கும். சேசிஸோடு அதைச் சேர்க்கும் எர்த் பட்டை இல்லையென்றால் இரண்டுக்கும் உறவே கிடையாது. கம்ப்ரசரை ஆஃப் செய்துவிட்டு இரண்டு பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் ஒருமுறை, இரவில் லைட் எல்லாம் போட்டு ஒருமுறை.

செங்கோட்டுக்காரன்:
டிரில்லர் அண்ணன் வீடியோ காலில் காட்டினார். பகலில் கிட்டத்தட்ட 0. இரவில் பார்க்கிங் லைட் போட்டதும் 9, 13, 6 என்று குதிக்கிறது! அப்புறம் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தால் அந்த அதிகப்படியான நேரம் எல்லாம் இருட்டிய பிறகுதான் வந்திருக்கிறது.

இருபத்துநாலு வோல்ட்:
பேனல் மேலே சின்ன லைட் ஏதாவது இருக்கிறதா, லாரி பார்க்கிங் லைனிலிருந்து எடுத்தது?

செங்கோட்டுக்காரன்:
இருக்கிறது. "அது எப்பவுமே மங்கலாத்தான் எரியும்" என்றார் டிரில்லர்.

இருபத்துநாலு வோல்ட்:
ஆள் கிடைத்துவிட்டார். அந்த லைட்டுக்குப் பாசிட்டிவ் லாரியிலிருந்து, நெகட்டிவ் கம்ப்ரசர் பேனலில். திரும்பிப் போக வழி சரியில்லாததால் கரண்ட் மவுண்ட் போல்ட், ஹோஸ் என்று கிடைத்த இடத்தில் நுழைந்து போகிறது, அதனால்தான் மங்கல். அந்த நேரத்தில் கம்ப்ரசர் பாடி முழுக்கவே லாரி நெகட்டிவை விட மேலே ஏறி நிற்கிறது, யூனிட் அதை ஆன் என்று எடுத்துக்கொள்கிறது. எத்தனை வோல்ட்டுக்கு மேல் ஆன் என்று மேனுவலில் போட்டிருக்கும், பாருங்கள்.

வேகன்:
இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு, ஒரு ஒயர் போட்டு ரெண்டு நெகட்டிவையும் சேர்த்துவிடுங்க, முடிஞ்சுது.

இருபத்துநாலு வோல்ட்:
தயவுசெய்து சின்ன ஒயரில் அதைச் செய்யாதீர்கள். என்றாவது கம்ப்ரசர் எஞ்சினின் எர்த் கேபிள் லூஸாகி, எஞ்சின் பிளாக் எப்படியோ லாரி பக்கத்தோடு சேர்ந்திருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஒயர் வழியாகத்தான் வரப் பார்க்கும். ஒயரிங் கட்டு முழுக்க உருகும், டீசல் டேங்க் பக்கத்தில்.

பழைய எலக்ட்ரீசியன்:
தம்பி, லைட் ஒயரையே மறந்துவிடுங்கள். ஆயில் லைனில் ஒரு டீ (T வடிவ பைப் ஜாயிண்ட்) போட்டு இரண்டு பின் உள்ள பிரஷர் சுவிட்ச் மாட்டுங்கள், பிரஷர் வந்தால் சேர்கிற வகை, பின் இரண்டும் பாடியில் படாதது. ஒரு பின்னுக்கு லாரி 24 வோல்ட் 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, இன்னொன்று யூனிட் இன்புட்டுக்கு. கம்ப்ரசர் கரண்டோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேனல் லைட் நெகட்டிவையும் லாரி சேசிஸுக்கே கொண்டுபோய்விடுங்கள். ஜாயிண்ட்டை ஈயம் வைத்துப் பற்றாதீர்கள், ரிக் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் ஒயர் ஒடியும். கிரிம்ப் செய்து (டெர்மினலை அழுத்தி இறுக்கி) ஸ்லீவ் போடுங்கள், ஒயரைச் சூடான டர்போ பக்கம் போகாமல் கொண்டுபோங்கள்.

ரிக் பழனி:
இதைச் செய்தாலும் நோட்டும் ஸ்கிரீனும் ஒன்றாகாது, சொல்லிவிட்டேன். ராடு மாட்டும்போது எஞ்சின் ஐடிலில் ஓடும், மேனேஜர் அதை ஓட்டமாக எழுத மாட்டார். துளை போடும் நேரம் மட்டும் வேண்டுமென்றால் ஏர் வால்வுக்கு அப்புறம், பாறையை உடைக்கும் ஹேமருக்குப் போகும் லைனில் இன்னொரு சுவிட்ச் வையுங்கள். ரிசீவர் டேங்கில் வைத்தால் பிரயோசனமில்லை, எஞ்சின் ஐடிலில் ஓடினாலும் அங்கே காற்று நிற்கும். யூனிட்டில் ஒரு 10 செகண்ட் டிலேயும் போடுங்கள்.

செங்கோட்டுக்காரன்:
மாட்டியாகிவிட்டது, மூன்று நாள் ஆகிறது. நேற்று நோட்டில் 8, ஸ்கிரீனில் ஒன்பதரை. ரிக் பழனி அண்ணன் சொன்ன ஐடில்தான் போல, ஏர் லைன் சுவிட்ச் வண்டி ஊருக்கு வந்ததும். ஒரே தொல்லை, டீ பக்கத்தில் ஆயில் கசிகிறது, டெஃப்லான் டேப் சுற்றியும் நிற்கவில்லை.

பழைய எலக்ட்ரீசியன்:
மரை பாருங்கள், என்பிடி, பிஎஸ்பி என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கொன்று சேராது. 1/8 என்பிடிக்கு இஞ்சுக்கு 27 மரை, 1/8 பிஎஸ்பிக்கு 28. மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறும், பிறகு இறுகும், ஆனால் கசியும். சுவிட்சைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய் அதற்கேற்ற டீ வாங்கச் சொல்லுங்கள், டேப் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அதுவரை ஆயில் அளவைக் காலையும் மாலையும் பார்க்கட்டும்.