‘வெள்ளச் சமவெளி’க்கு மாற்றாகப் ‘பரவுநிலம்’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய நில அளவை வரைபடத் தாள்களுக்கான சொற்பட்டியலில், ஆறு பெருகும்போது வெள்ளம் பாயும் கரையோர நிலத்தை (floodplain) குறிக்க ‘வெள்ளச் சமவெளி’ என்ற பாடநூற்சொல்லே போதும் என்று சென்ற மடலில் ஒரு கருத்து வந்தது. அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தை எங்கள் ஆரணியாற்றை வைத்தே சொல்கிறேன்; பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி என ஆந்திரப் பக்கம் ஓடி, ஊத்துக்கோட்டையில் தமிழகத்துக்குள் நுழையும் ஆறு அது.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 அளவில் வரைந்த தாள்களில் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) பொதுவாக 50 அடிக்கு ஒன்றாக வருகின்றன. ஆற்றங்கரைக்கும் வெள்ளம் எட்டும் கடைசி வயலுக்கும் இடையிலான ஏற்றமோ சில அடிகள்தான். ஆகவே வெள்ளம் பாயும் நிலம் முழுவதும் இரண்டு கோடுகளுக்கு நடுவே அடங்கிவிடுகிறது, கோட்டைப் பார்த்து அதன் எல்லையைச் சொல்ல முடிவதில்லை. புள்ளியிட்ட மணற்பரப்பு எங்கே அகலுகிறது, ஊர்கள் ஆற்றைவிட்டு எவ்வளவு ஒதுங்கி நிற்கின்றன, ஆறு கைவிட்ட பழைய தடம் வளைந்த குட்டையாக மிஞ்சியிருக்கிறதா, சாலை எந்த இடத்தில் கரைமேல் ஏறுகிறது என்றெல்லாம் பார்த்துத்தான் அதைக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. பிச்சாட்டூர் அணைக்கு முந்தைய தாள்கள் எனக்கு அருமையாகத் தோன்றுவது இதனால்தான்: அணை தடுக்காத ஆற்றின் அகலத்தை அவை காட்டுகின்றன. அணை திறக்கும்போது ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் பல முறை மூழ்கியதை நினைத்தால், அந்த அகலம் பழங்கதை அன்று என்பது விளங்கும்.

ஆக, இந்நிலத்துக்கு அடையாளம் தந்தது நீரின் எட்டுகை. சமதளமாக இருப்பது அதன் விளைவு மட்டுமே. ‘சமவெளி’ என்றால் மாணவர் கண் தட்டையான இடத்தைத் தேடிப் போகும், ஏரிப் பாசன வயல்களையும் சேர்த்துக்கொள்ளும். ‘வெள்ளப்படுகை’ நல்ல சொல்தான். ஆனால் ‘காவிரிப் படுகை’ என்று ஆற்றின் வடிநிலம் முழுவதையும் குறிக்கப் பழகிவிட்டோம், கொள்ளிடக் கரையிலோ வெள்ளக்கரைக்கு உட்பட்ட சாகுபடி நிலமே படுகை.

எனவே ‘வெள்ளப் பரவுநிலம்’, சுருக்கமாகப் ‘பரவுநிலம்’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை ஆதலால் பரவிய, பரவுகிற, பரவும் என முக்காலமும் அதில் அடங்கும். பழைய தாளையும் இன்றைய நிலத்தையும் ஒப்பிடும் வேலைக்கு இது மிகவும் பொருந்தும். ‘பரவுநில எல்லை’, ‘கைவிட்ட பரவுநிலம்’ என்ற கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. மறுப்பு இருப்பின், தாளில் ஓர் இடத்தைச் சுட்டி எழுதுமாறு வேண்டுகிறேன்.