வால் ஆட்டிய கேரவனும் பச்சை விளக்கும்

கேரவன் என்றதும் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது, படுக்கை அடுப்போடு காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வண்டி. இங்கிலாந்தில் ஆறு வருடமாக இழுக்கிறேன்.

போன ஆகஸ்டில் டெவனிலிருந்து திரும்பும்போது எம்5 சாலையில் ஏவன்மவுத் பாலம். உயரமான பாலம், பக்கக்காற்றுக்குப் பேர்போன இடம். இறக்கத்தில் 55 மைல் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். ஒரு கோச் பஸ் எங்களைத் தாண்டியது. அது தள்ளிய காற்றில் கேரவன் ஒரு பக்கம் ஒதுங்கியது, பஸ் போனதும் மறுபக்கம் இழுபட்டது. அவ்வளவுதான், வால் ஆட்ட ஆரம்பித்துவிட்டது. இடது கண்ணாடியை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது, அடுத்த நொடி வலது கண்ணாடியில். காரின் பின்பக்கமும் கூடவே ஆடியது. பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது. மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாறு ஆட்டத்தில் அடங்கியது. மைக்கேல்வுட் சர்வீஸ் என்ற ஓய்விடம் வரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தனைக்கும் டோபாலை, அதாவது கேரவனை மாட்ட காரின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டை, இறுக்கிப் பிடித்து ஆட்டத்தைக் குறைக்கும் உராய்வு ஸ்டெபிலைசர் ஏற்கெனவே இருந்தது. அது போதாது என்று, ஆட்டம் வந்தால் கேரவனின் பிரேக்கைத் தானே பிடிக்கும் கருவியான ஆல்கோ நிறுவனத்தின் ஏடிசியை வாங்கினேன். கேரவனின் முழு எடையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், எடைக்குத் தகுந்தபடி மாடல் மாறும். கூலியோடு ஏறக்குறைய 500 பவுண்டு ஆனது.

வேலை செய்யும் விதம் எளிது. இங்குள்ள கேரவன்களில், கார் வேகம் குறைந்ததும் கேரவன் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டலில், காரோடு மாட்டும் முன்தண்டு உள்ளே போய், ஒரு கம்பி இழுபட்டு பிரேக் பிடிக்கும். ஏடிசி என்பது அச்சருகே பொருத்தும் ஒரு பெட்டி. பக்கவாட்டு ஆட்டம் அளவுக்கு மீறினால் அதிலுள்ள மோட்டார் அதே பிரேக் கம்பியை இழுக்கும். ஆக, பிரேக் தளர்ந்திருந்தால் பெட்டி இருந்தும் பிரயோஜனமில்லை. மெக்கானிக் பெட்டியைத் தொடும் முன்பே ஒரு மணி நேரம் பிரேக்கைத்தான் சரி செய்தார்.

மாட்டி முடித்து காரில் பிளக்கைச் சொருகினோம். மோட்டார் ஒருமுறை உறுமித் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு பச்சை விளக்கு எரிய வேண்டும். ஒன்றுமில்லை. மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்தார். கேரவனுக்கு மின்சாரம் தரும் காரின் 13 பின் சாக்கெட்டில் ஒன்பதாவது பின்னில்தான் எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும். வரவில்லை. காருக்கு டோபார் (டோபாலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) போட்டுக் கொடுத்த கடைக்காரர் அந்த ஃபியூஸைப் போடவே இல்லை! மூன்று வருடமாக எனக்குத் தெரியாது. ஃபியூஸ் போட்டதும் உறுமல், அப்புறம் பச்சை.

இப்போது வெட்கப்படும் பகுதி. முன்தண்டு டோபாலில் அழுத்தும் எடை, கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். என்னுடையது 1,300 கிலோ, அப்படியானால் 65 முதல் 91 வரை. பாத்ரூம் தராசின்மேல் கட்டையை நிறுத்தி அளந்தேன்: 46. காரணம், பின்பக்கப் பெட்டிக்குள் 10 கிலோ அரிசி மூட்டை, அதன் பக்கத்தில் கிரைண்டர். இரண்டையும் அச்சுக்கு மேலே நகர்த்தி, டென்ட்டை முன்னால் கொண்டுவந்ததும் 78 ஆனது. ஏடிசியே இல்லாமல் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை ஏடிசி வேலை செய்தது. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

மெல்பர்ன் நண்பரின் பதில்:

எங்கள் பக்கம் எலெக்ட்ரிக் பிரேக் அண்ணா. கம்பி இழுக்கிற வேலையெல்லாம் இல்லை, பெட்டி நேராக பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும். எனக்கு மண் சாலையில் காரணமே இல்லாமல் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தது. பார்த்தால், பெட்டியின் போல்ட் லூஸ். பெட்டி தான் ஆடுவதை வண்டி ஆடுவதாக நினைத்திருக்கிறது.

என் பதில்:

நல்ல வேளை சொன்னீர்கள் தம்பி. ஸ்பேனரோடு அடியில் படுக்கப் போகிறேன்.