காசில்லாத பேட்மேனைக் காசு கொடுத்து வாங்கலாமா?

குடமுருட்டிக்காரன்:
வலங்கைமான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்குக் காமிக்ஸ் என்றால் சித்தப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த சிவகாசி புத்தகங்கள்தான். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை, அட்டை போய் நாலு பக்கம் கரையான் தின்ற நிலையில், முப்பது தடவையாவது படித்திருப்பேன். அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் பக்கம் போனதில்லை. பேட்மேன் 1939-ல் வந்தவர், ஸ்பைடர்மேன் 1962. இத்தனை வருடக் கதையில் நடுவில் போய் நின்றால், கல்யாண வீட்டில் யார் பெண் வீடு யார் மாப்பிள்ளை வீடு என்று தெரியாமல் பந்தியில் உட்கார்ந்த கதையாகிவிடும்.

இப்போது இரண்டு பேரையும் முதலிலிருந்து புதிதாக ஆரம்பித்திருக்கிறார்களாமே. 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' 2024 ஜனவரியில், 'அப்சொல்யூட் பேட்மேன்' அதே வருடம் அக்டோபரில். ஏதாவது ஒன்றின் முதல் தொகுப்பு வாங்கத்தான் வீட்டில் அனுமதி. எதை வாங்க? கதையை முழுக்கப் போட்டு உடைக்காமல் சொல்லுங்கள்.

மதிலழகு (மன்னார்குடி):
பேட்மேன். யோசிக்கவே வேண்டாம். ஸ்காட் ஸ்னைடர் கதை, நிக் டிராகோட்டா ஓவியம். இதில் புரூஸ் வெய்னுக்கு, அதாவது முகமூடி போடாத பேட்மேனுக்கு, மாளிகை கிடையாது, பரம்பரைச் சொத்து கிடையாது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அவர் செத்துப் போகிறார், ஆனால் அம்மா உயிரோடு இருக்கிறார். பழைய கதையில் வில்லன்களாக வரும் பாதிப் பேர் இதில் இவனோடு ஒன்றாக வளர்ந்த கூட்டாளிகள், அதனால் ஒவ்வொருத்தன் வரும்போதும் இவன் எப்போது கெட்டுப்போகப் போகிறான் என்று வயிற்றைப் பிசைகிறது. பணக்காரன் யார் என்றால் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றிக் காம்பு மாட்டினால் கோடாலி! எங்கள் தாத்தாவும் மம்மட்டிக் காம்பைக் கழற்றிவிட்டுத் தலையை மட்டும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போவார், அவரை யாரும் சூப்பர் ஹீரோ என்று சொல்லவில்லை.

ஒரே குறை, காசில்லாதவன் என்கிறார்கள், உடம்பைப் பார்த்தால் கதவுக்குள் நுழைய மாட்டான். அந்த உடம்புக்கு வாரம் ஒரு ஆடு வேண்டும். கறிக்கடைக் கணக்கை எந்த இதழிலும் காட்டவில்லை.

எம்புக் மாமா:
மதிலழகு தம்பி முக்கியமானதை விட்டுவிட்டார். பகலில் அந்தப் பையன் நகரத்துக்கு வேலை செய்கிற சிவில் இன்ஜினியர். முப்பது வருடம் வாய்க்கால், மதகு, தடுப்புச்சுவர் என்று காண்ட்ராக்ட் வேலையில் கிடந்தவன் சொல்கிறேன், பறக்கிற ஆளைக் கூட நம்பிவிடலாம், ராத்திரி பூரா கூரை கூரையாகக் குதித்துவிட்டுக் காலையில் சைட்டுக்கு வந்து எம்-புக், அதாவது வேலை அளவு குறிக்கிற புத்தகம், எழுதுகிறவனை நம்ப முடியாது. பாலம் எங்கே பலவீனம், சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று ஊரின் எலும்பு தெரிந்தவன் என்பதால்தான் அவனால் அடிக்க முடிகிறது என்று கதையைக் கொண்டு போயிருக்கிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்த வண்டி! கார் இல்லை, வீடு உயரத்துக்கு ஒரு லாரி. நம் ஆற்றங்கரைச் சாலையில் விட்டால் கரை உள்வாங்கிவிடும், அப்புறம் அதை அடைக்க மணல் மூட்டை யார் கொடுப்பது? ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் தூர்வாரி முடிக்கிற பேட்மேனை வரையச் சொல்லுங்கள், நான் இரண்டு பிரதி வாங்குகிறேன்.

ஐயம்பேட்டை அக்கா:
எல்லோரும் அடிதடிப் பக்கமே போங்கள். ஸ்பைடர்மேன் வாங்குங்கள் தம்பி. ஜோனதன் ஹிக்மேன் எழுத்து, பெரும்பாலும் மார்கோ கெக்கெட்டோ ஓவியம். ஸ்பைடர்மேன் ஆகப்போகிற பீட்டருக்கு வயது 35. மனைவி மேரி ஜேன், ஒரு பையன், ஒரு பெண். அந்த வயதில்தான் சிலந்தி கடிக்கிறது. நம் ஊரில் என்றால் மஞ்சளைத் தடவி, மந்திரித்துவிட்டு, நாளைக்கு வேலைக்குப் போ என்றிருப்பார்கள். பழைய கதையில் சாகும் சித்தப்பா பென் இதில் உயிரோடு இருக்கிறார், சித்தி மேதான் இல்லை. அந்த மனிதர் அவரை நினைத்துப் பேசும் பக்கங்களில் என் கண் கலங்கியது உண்மை. ஆனால் மெதுவாகப் போகும், நான்காவது இதழின் பெரும்பகுதி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதுதான். எனக்கு அதுதான் பிடித்த இதழ், என் வீட்டுக்காரர் "எப்பதான் சண்டை போடுவான்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

மதிலழகு (மன்னார்குடி):
அக்கா, ஸ்பைடர்மேன் நமக்குச் சரிப்படாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதில் நூலைக் கட்டி ஜம்மென்று ஒரு ஆட்டம் ஆடலாம். அடுத்த ஆட்டத்துக்கு எதைப் பிடிப்பான்? கண்ணுக்கு எட்டின வரை நடவு வயல். தென்னையில் நூல் விட்டால் மட்டை கையோடு வந்துவிடும். கடைசியில் டவுன் பஸ் படியில் தொங்கிக்கொண்டுதான் குற்றவாளியைத் துரத்த வேண்டும்.

ஐயம்பேட்டை அக்கா:
உங்கள் பேட்மேன் மட்டும் இருட்டில் வரப்பில் நடந்துவிடுவாரா? அந்தக் கனத்துக்கு முழங்கால் வரை சேற்றில் இறங்குவார், எடுத்துவிட டிராக்டர் கூப்பிட வேண்டும்.

எம்புக் மாமா:
இரண்டு பேரும் வேண்டாம், நம் மாயாவிதான் சரி. ஆனால் அவருக்கு மின்சாரம் பாய்ந்தால்தானே உடம்பு மறையும்? எங்கள் தெரு லோ வோல்டேஜில் இடுப்பு வரைக்கும்தான் மறைவார். மிச்சம் வேட்டியோடு ஓடும்.

குடமுருட்டிக்காரன்:
மாமா, இதைப் படித்துச் சிரித்ததில் டீ கொட்டிவிட்டது. பேட்மேனே ஆர்டர் போட்டுவிட்டேன், காரணம் அந்த இன்ஜினியர் விஷயம்தான். அக்கா, உங்களிடம் ஸ்பைடர்மேன் இருக்கிறதே, தீபாவளி வரைக்கும் மாற்றிக்கொள்ளலாமா? நான்காவது இதழில் சாம்பார் கறை ஆகாது என்று சத்தியம் செய்கிறேன்.

ஐயம்பேட்டை அக்கா:
ஏற்கெனவே ஆகிவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள்.